மாமியாரிடம் "திருடித் திங்கறீங்க" என்று சொல்லிவிட்டேன், பதினொரு நாளாகப் பேச்சில்லை

ஈரோட்டு மருமகள் (கேள்வி)

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. வீட்டுக்காரர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வீட்டில் ஒன்பது வயது மகள், என் மாமியார், நாங்கள் இருவர். மாமியாருக்கு 71. சுகர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது கொடுமைக்கார மாமியார் கதை இல்லை. என் பிரசவத்தின்போது அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தானே பத்தியம் பார்த்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "கண்ணு" தான்.

மாமாவுக்கும் சுகர். கிட்னி போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று இரண்டு வருஷம் அலைந்தோம். கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போய் உட்கார்ந்திருந்தவள் நான். 2019இல் போய்ச் சேர்ந்தார். அதனால் அத்தைக்கு ஜூனில் எடுத்த மூணு மாச சராசரி டெஸ்டில் 9.1 என்று வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யூடியூப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினேன். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிடும் அரிசிம்பருப்புச் சாதத்தை நிறுத்தி, ஆறரைக்கே ஒரு சப்பாத்தியும் கீரையும். காபிக்குச் சர்க்கரை கிடையாது. நோம்பிக்குக்கூட ஒப்புட்டு போடவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து அவருக்குத் தனியாகச் சமைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தால் 210, 225. எனக்குப் புரியவே இல்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு அரிசி டிரம்மை நகர்த்தினேன். பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே அச்சு வெல்லம், பாதி காலி. அத்தை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். அப்பா ஆலைக்கொட்டாய் வைத்திருந்தவர், வெல்லப்பாகின் வாசனையில் வளர்ந்தவர். அதெல்லாம் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "உங்களுக்குப் பாத்துப் பாத்து நான் ஓடாத் தேயறேன், நீங்க திருடித் திங்கறீங்களா?"

பாப்பாவும் பக்கத்தில் இருந்தாள்.

அன்றிலிருந்து பேச்சில்லை. சண்டையும் போடவில்லை, அதுதான் கஷ்டம். நான் வேலைக்குப் போன பிறகுதான் சாப்பிடுகிறார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாலடி தள்ளி நின்றுகொண்டு பாப்பாவிடம், "உங்கம்மாகிட்டச் சொல்லு, பால் பொங்குது". வீட்டுக்காரரிடம் சொன்னால், "ரெண்டு பேருமே பெரியவங்க, பாத்துக்குங்க" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

என் கேள்வி இதுதான். நான் சொன்ன வார்த்தை தப்பு. ஆனால் விஷயம் தப்பில்லையே? மன்னிப்புக் கேட்டால் வெல்லத்துக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? இதை எப்படிப் பேசுவது? "பெரியவங்க, கால்ல விழுந்துரு" என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

---

வெயிலான்

71 வயசு. இன்னும் எத்தனை வருஷம்? ஆசைப்பட்டதைச் சாப்பிட விடுங்க. நாக்கைக் கட்டி வச்சு நூறு வயசு வாழ்ந்து என்ன பண்ணப் போறாங்க.

---

ஈரோட்டு மருமகள்

சுகரில் ஆள் பட்டென்று போவதில்லை சார். கால் விரல் போகும், கண் போகும், கிட்னி போகும், அப்புறம்தான் ஆள். இரண்டு வருஷம் டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்து பாருங்கள்.

---

பழைய கண்டக்டர்

அம்மிணி, நான் முப்பத்தோரு வருஷம் கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். மனசு தத்துவம் எல்லாம் எனக்குத் தெரியாது. சில்லறைச் சண்டை தெரியும்.

ஆரம்பத்துல நான் எப்படின்னா, ஏழு ரூபா டிக்கெட்டுக்கு நூறு ரூபா நீட்டுனா, "காலங்காத்தால சில்லறை இல்லாம ஏன்யா ஏர்றீங்க"ன்னு ஆரம்பிப்பேன். அவரு ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன், சித்தோடு வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறிரும். ஒரு நாள் ஒரு அம்மா, கையில ஆஸ்பத்திரிப் பை. ஐநூறு ரூபா நோட்டு. வழக்கம்போல கத்துனேன். அது ஒரு வார்த்தை பேசலை. அடுத்த ஸ்டாப்புல எறங்கிருச்சு. நடந்தே போச்சு. கண்ணாடியில டிரைவர் என்னையப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்குது.

அப்புறம் பழக்கத்தை மாத்துனேன். டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கியை எழுதிக் குடுத்து, "எறங்கறப்ப ஞாபகப்படுத்துங்க, தந்தர்றேன்"னு சொல்றது. அதே சில்லறைத் தட்டுப்பாடுதான், அதே கூட்டந்தான். சண்டை முக்கால்வாசி நின்னு போச்சு. ஏன்னா "ஏன் ஏறுனே"ன்னு கேட்டா அந்த ஆளைக் குத்தம் சொல்றோம். பாக்கியை எழுதுனா பிரச்சினையைப் பத்திப் பேசறோம், அவ்வளவுதான்.

உங்க விஷயத்துல டப்பா ஒரு பிரச்சினை. "திருடி"ங்கறது வேற பிரச்சினை. ரெண்டையும் ஒரே டிக்கெட்டுல எழுதாதீங்க. திருடிங்கறதை மொதல்ல தனியா வாபஸ் வாங்குங்க. அதுக்குக் கூட "ஆனா"ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. "தப்புத்தான் அத்தை, ஆனா நீங்க"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா மறுபடியும் கத்துன மாதிரிதான்.

---

நாலாம் பீரியட்

நான் பள்ளி ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் (1934–2015) உருவாக்கிய பேச்சுமுறை. வன்முறையில்லாத் தொடர்பு என்று பெயர். காந்தியின் அகிம்சையை மனத்தில் வைத்துத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். கண்ணால் பார்த்தது என்ன, அது என்னை என்ன செய்தது, எனக்கு என்ன தேவை, உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று நான்கு படி. பயிற்சியில் கையில் மாட்டும் பொம்மைகள்கூட உண்டு. குற்றம் சாட்டும் பேச்சுக்கு நரி, பரிவான பேச்சுக்கு ஒட்டகச்சிவிங்கி. நிலத்து விலங்குகளிலேயே அதற்குத்தான் பெரிய இதயம் என்பது அவர் சொன்ன காரணம். (யானைக்குத்தான் பெரியது என்று என் பையன் திருத்தினான். அது உண்மைதான்.)

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து பையனிடம், "நீ தட்டைக் கழுவாமல் வைத்ததைப் பார்க்கும்போது நான் சோர்வாக உணர்கிறேன்" என்றேன். "அம்மா, டப்பிங் படம் மாதிரிப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னதும் சரிதான். நம் வீடுகளில் யார் "நான் அச்சமாக உணர்கிறேன்" என்கிறார்கள்? "வயித்தைக் கலக்குது" என்போம். "பக்குன்னு ஆயிருச்சு", "நெஞ்சு அடைக்குது", "மனசு கேக்கல", "ஈரக்கொலை நடுங்கிருச்சு" என்போம். நமக்கு உணர்ச்சி எல்லாம் உடம்பில்தான் இருக்கிறது, அதற்குச் சொற்களும் நிறைய இருக்கின்றன. நான்கு படியும் நல்ல படிதான், உங்கள் வீட்டு மொழியில் ஏறுங்கள்.

அடுத்தது "ஏன்". தமிழில் பெரியவர்களிடம் "ஏன் சாப்பிட்டீங்க" என்றால் அது கேள்வியே இல்லை, தீர்ப்பு. "என்னாச்சு", "எப்ப", "என்ன பண்ணுது" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளுக்குள் தீர்ப்பை வைத்துக்கொண்டு வெளியில் "என்னாச்சு" என்றாலும் தெரிந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். பதில் தெரியாதவர்தான் கேட்க முடியும்.

இன்னொன்று. நம் குடும்பங்களில் மன்னிப்பை வாயால் கேட்பதில்லை. காபியைக் கொஞ்சம் திக்காகப் போட்டு முன்னால் வைப்போம், புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் அது போதும். இங்கே போதாது என்று நினைக்கிறேன். வாயால் போன சொல், அதுவும் பேத்தி காதில் விழுந்த சொல்.

ஒரு கேள்வி, பதில் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த டப்பாவைத் திறந்த நொடியில் உங்கள் கண்முன் வந்தது யார், அத்தையா, மாமாவா?

---

நைட் டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். எல்லாரும் மனசைப் பத்திப் பேசிட்டீங்க, எனக்கு மாத்திரையைப் பத்திக் கேக்கணும்.

1. அத்தை என்ன மாத்திரை சாப்பிடறாங்க? கிளைமிபிரைடு அதுல இருக்கா?
2. ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு? சாப்பாட்டை எட்டரையிலிருந்து ஆறரைக்கு மாத்தினீங்களே, மாத்திரையும் மாறிச்சா?
3. வெல்லம் எந்த நேரத்துல சாப்பிடறாங்கன்னு யாராவது பாத்தீங்களா?

---

ஈரோட்டு மருமகள்

கிளைமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ராத்திரி மாத்திரையை சீரியல் முடிந்து ஒன்பது மணிக்குப் போடுவார். பல வருஷப் பழக்கம்.

எழுதும்போதே வயிற்றை என்னவோ செய்கிறது. எப்போது சாப்பிடுகிறார் என்று தெரியாது. நான் கேட்கவே இல்லை.

---

நைட் டூட்டி

கிளைமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே விடச் சொல்ற மாத்திரை. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பாக்காது. அதனாலதான் சாப்பாட்டோட சேத்துப் போடச் சொல்றது. ஆறரைக்கு ஒரு சப்பாத்தி, ஒன்பதுக்கு மாத்திரைன்னா நடுராத்திரியில சுகர் இறங்கிப் போக நிறைய வாய்ப்பு இருக்கு. வயசானவங்களுக்குக் கிட்னி கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சா மாத்திரை இன்னும் நேரம் நிக்கும்.

சராசரி 9.1 இருக்கறவங்களுக்கு லோ சுகர் வராதுன்னு நினைக்காதீங்க. பகல்ல 300, ராத்திரி 60 ரெண்டையும் கலக்குனதுதான் சராசரி. லோ ஆகறப்ப பயத்துல கையில கிடைச்ச வெல்லத்தை அள்ளிப் போட்டா, காலையில மீட்டர்ல 220 காட்டத்தான் செய்யும்.

எனக்கு உறுதியாத் தெரியாது, அவங்களைத்தான் கேக்கணும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி இருக்கான்னு கேளுங்க. இருந்தா அந்த நேரத்துலயே குத்திப் பாருங்க. 70க்குக் கீழே இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஆள் மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க. வெல்லம்னா சுகருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு யாராவது சொன்னா நம்பவும் வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

இதை நான் இங்க எழுதிட்டேன்கறதுக்காக, "உங்களுக்கு லோ சுகராமே, சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன"ன்னு போய் நிக்காதீங்க.

---

ஈரோட்டு மருமகள் (நான்கு நாள் கழித்து)

எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகிவிடும்.

முதலில் தோற்ற கதை. நர்ஸம்மா எழுதிய அன்று ராத்திரியே, டீச்சர் சொன்ன நான்கு படியையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "அத்தை, டப்பாவைப் பாத்தப்ப எனக்குப் பயமாயிருச்சு, உங்க ஆரோக்கியம் எனக்கு முக்கியம்" என்று தொடங்கினேன். பதினொரு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "என்ன, படிச்சு ஒப்பிக்கறயா?" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். சீரியல் நேரத்தில் போனது என் புத்திசாலித்தனம்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஹாலில் படுத்து அவர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரை கொடுத்தார்கள். ஒரு கத்தை. அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரில் இல்லை, பக்கத்தில். இரண்டு பேர் கண்ணும் கீரையில். வேண்டுமென்று செய்ததில்லை, திண்ணையில் இடம் அவ்வளவுதான். ஆனால் முகத்தைப் பார்க்காமல் இருந்ததால்தான் பேச முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பாதிக் கீரை ஆய்கிற வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னேன்: "அன்னைக்குத் திருடின்னு சொன்னது என்ற தப்பு அத்தை. பாப்பா முன்னால வேற சொல்லிட்டேன். அவகிட்டயும் சொல்லிட்டேன், அம்மா பேசுனது தப்புன்னு." நிறுத்திவிட்டேன். கண்டக்டரய்யா, "ஆனா" நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காம்பை உருவினார், இன்னொன்றை உருவினார்.

"மாமாவை நெனச்சுட்டேன் அத்தை. அந்த டயாலிசிஸ் கட்டில்ல உங்களை வச்சுப் பாக்க எனக்குத் தெம்பில்லை" என்றேன். டீச்சரம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இது ஒப்பித்ததில்லை, சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"எனக்கு மட்டும் இருக்குதா" என்றார்.

அப்புறம்தான் கேட்டேன், "ராத்திரியில என்ன பண்ணுது அத்தை?"

கை நின்றது. "உனக்கு யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை, கேட்கிறேன் என்றேன். (பொய்தான். உங்களைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை.)

"ரெண்டு மணி, ரெண்டரை இருக்கும். கைகாலெல்லாம் வெடவெடங்குது. சேலையெல்லாம் நனைஞ்சு போற மாதிரி வேர்க்குது. நெஞ்சு திக்திக்குனு. உசுரு போறாப்லதான் இருக்கும். ரெண்டு அச்சு வெல்லம் வாயில போட்டா அடங்கீரும்."

எவ்வளவு நாளாக? ஆடியிலிருந்து. என்னை எழுப்பக் கூடாதா என்று கேட்டேன். "வந்தேன் கண்ணு. உங்க கதவுகிட்ட வந்து நின்னேன். நாலரைக்கு எந்திரிக்கறவ, எனக்காகத்தான எந்திரிக்கறா, ரெண்டு மணிக்கும் எழுப்பறதான்னு திரும்பிட்டேன்."

திண்ணையில் இரண்டு பேரும் அழுதோம். மீதிக் கீரையை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அவர் மகன் ஆய்ந்தார், எதற்கென்று தெரியாமலே.

அன்று ராத்திரி அவர் அறையிலேயே படுத்தேன். இரண்டேகாலுக்கு எழுப்பினார். குத்திப் பார்த்தேன், 58. கை அவரைவிட எனக்கு அதிகம் நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர், பதினைந்து நிமிஷம், 96.

மறுநாள் டாக்டர். ராத்திரி மாத்திரையைக் குறைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறார், சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லி. ஆறரைச் சாப்பாட்டை யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார். நான் யூடியூபைச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். பைசா பைசாவாகக் கணக்கு எழுதுகிறவள் நான். சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தியவளுக்கு மாத்திரை அங்கேயே நிற்பது கண்ணில் படவில்லை. அவருடைய திருட்டு என்று நான் நினைத்தது என் சப்பாத்தியில் ஆரம்பித்தது.

இதை வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே சொன்னேன். "போச்சாது போ, நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். அப்புறம் ஆட்டோவில் வரும்போது சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொன்னார்: "அந்த டப்பாவுல பாதி நடுக்கத்துக்குத் தின்னது. மீதி ஆசைக்குத்தான்." சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதனால் வெல்லச் சண்டை தீரவில்லை. தீபாவளிக்குக் கச்சாயம் சுட வேண்டும் என்கிறார், நான் ஒன்றே ஒன்று என்கிறேன், அவர் மூன்று என்கிறார். ஆனால் நேராக என்னிடமே கேட்கிறார். பாப்பாவுக்குத் தூது வேலை போனதில் கொஞ்சம் வருத்தம், ஒவ்வொரு தூதுக்கும் பாட்டியிடம் ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறாள்.

---

நைட் டூட்டி

58ஐக் கண்ணால பாத்தீங்களே, அது நல்லது. கட்டிலுக்குப் பக்கத்துல கைக்கு எட்டற மாதிரி குளுக்கோஸ் பாக்கெட் வைங்க, ஒளிச்சு வைக்க வேண்டாம். மாத்திரை மாத்தின முதல் ரெண்டு வாரம் ராத்திரி ஒரு தடவை பாத்து எழுதி வச்சு டாக்டர்கிட்டக் காட்டுங்க. கச்சாயத்தை டாக்டர்கிட்டக் கேளுங்க, என்னைய இழுக்காதீங்க.

---

வெயிலான்

நான் சொன்னது தப்பு. எங்கம்மாவும் ராத்திரி எந்திரிச்சு எதையோ சாப்பிடறாங்க. கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். இன்னைக்குப் போன் பண்றேன்.

---

நாலாம் பீரியட்

முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது பற்றி எழுதினீர்களே, என் பயிற்சியில் அது இல்லை. இன்று ஸ்டாஃப் ரூமில் வேர்க்கடலை உரிக்கப் போகிறேன். ஒரு டீச்சரோடு ஜூலையிலிருந்து பேச்சில்லை.

---

ஈரோட்டு மருமகள்

அத்தைக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். நர்ஸம்மாவுக்கு மகராசியாக இருக்கச் சொன்னார். கண்டக்டரய்யா எந்த ரூட் என்று கேட்கச் சொல்கிறார், கோபி வண்டியா என்று.

---

பழைய கண்டக்டர்

கோபி வண்டிதான் அம்மிணி, பதினோரு வருஷம். கவுந்தப்பாடியில வெல்ல மூட்டை ஏத்தறப்ப லக்கேஜ் டிக்கெட்டுக்கு எங்கூடச் சண்டை போடாத ஆளே கெடையாது. அத்தையம்மாவும் போட்டிருப்பாங்க. நான் என்ன சொல்லியிருப்பேன்னு கேட்டுச் சொல்லுங்க.